இருபத்து நாலாம் கம்பம்

கொம்பக்கரட்டு முருகனைப் பார்க்கக் கிருத்திகைச் சாயங்காலம் ஏறிப்போனவர்களைவிட இறங்கி வந்தவர்கள் எப்போதும் ஒருத்தர் அதிகமாக இருந்த காலம் ஒன்று உண்டு. இதை வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். கொம்பனூரில் யாரும் சிரிப்பதில்லை, ஏனென்றால் அப்படி வந்தவர்களுக்குப் பாய் விரித்துச் சோறு போட்ட வீடுகள் இன்னும் அதே தெருக்களில்தான் இருக்கின்றன, அந்த வீடுகளில் அவர்கள் உட்கார்ந்த நாற்காலிகளும் இருக்கின்றன.

கரடு என்று நாங்கள் சொல்கிற அந்தச் சின்ன மலையின் படிக்கட்டு ஓரமாக இருபத்து நாலு கம்பம் நட்டு விளக்குப் போட்டவர் தர்மகர்த்தா நாச்சிமுத்து. போட்ட பிறகுதான் தெரிந்தது, மேலே போகிற லைன் மெலிசு, எல்லா விளக்கையும் சேர்த்து எரியவிட்டால் கீழே பீஸ் போய்விடும் என்று. ஒரு நேரத்தில் ஒரு கம்பம்தான் எரிய முடியும். அப்படியானால் அந்த ஒரு வெளிச்சம் சனங்களோடு சேர்ந்து படியேறி, சனங்களோடு சேர்ந்தே இறங்கி வரட்டும் என்று அவர் யோசித்து என்னிடம் வந்தார். நான் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன், எட்டாவதோடு நின்றவன். என் மனைவி துளசிமணி காய்ச்சலில் போன பிறகு எனக்குச் சாயங்காலங்கள் ரொம்ப நீளமாகிவிட்டன. அந்த நீளத்தில் உட்கார்ந்து, பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு, நகத்தளவு இருக்கிற சிப்புக்குள் கட்டளை எழுதுவதற்கு நானாகவே கற்றுக்கொண்டிருந்தேன்.

நான் எழுதியது சின்ன விஷயம். ஒன்றில் ஆரம்பி, அந்தக் கம்பத்தை ஏற்று, நிதானமாக ஒரு ஆள் நடக்கிற நேரம் பொறு, அணை, ஒன்றைக் கூட்டு, இருபத்து நாலு வரைக்கும் இப்படியே போ. பிறகு இருபத்து நாலில் ஆரம்பி, ஏற்று, பொறு, அணை, ஒன்றைக் கழி, ஒன்று வரைக்கும் இப்படியே வா. புத்தகத்தில் அதற்கு லூப் என்று பெயர், காயில்காரனான எனக்கு அது சுற்று. முதல் கிருத்திகை அன்றைக்கே அதிலிருந்த கோணலைப் பார்த்துவிட்டேன். ஏறுகிற வரிசையும் இருபத்து நாலைத் தன்னுடையதென்று எண்ணியது, இறங்குகிற வரிசையும் தன்னுடையதென்று எண்ணியது, அதனால் உச்சிக் கம்பம் ஒருமுறை எரிந்து, கண் சிமிட்டுகிற மாதிரி அணைந்து, மறுபடி எரிந்தது. நாச்சிமுத்துவிடம் சொன்னேன்.

"இருக்கட்டும் மருதாசலம், திருநீறு வாங்கறதுக்கு நேரம் கிடைக்குதல்ல. அதைப் போயி மாத்தாதீங்க" என்றார்.

வெளிச்சம் முதல் கம்பத்துக்கு இறங்கி வந்து அணைந்தது, சனங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள், ஒரு ஆள் மட்டும் நின்றார். அடிவாரத்தில் செருப்புப் பாதுகாக்கிற மயிலாத்தாள் என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, இந்த ஆளுக்கு டோக்கனும் இல்ல, செருப்பும் இல்ல."

"வெறுங்காலோட ஏறியிருப்பாரு, ஆத்தா."

"வெறுங்காலோட ஏறுனா பாதத்துல புழுதி இருக்கோணுமல்லோ. பாருங்க, இப்பத்தான் குளிச்சுட்டு வந்தாப்பல இருக்குது."

நடு வயசு மனிதர், வெள்ளைச் சட்டை, கலைந்த முடி. எந்த ஊர் என்று கேட்டோம். "மேல இருந்துங்க" என்றார். பெயர் கேட்டதற்குச் சிரித்தார். மயிலாத்தாள், யாரும் திரும்ப வாங்க வராமல் கிடக்கிற செருப்புக் குவியலில் கை விட்டு, அளவு பார்த்து ஒரு ஜோடியை எடுத்துக் கொடுத்தாள், மழை தூறியதால் அன்றைக்கு அவரைத் தன் வீட்டு முன்னறையில் படுக்கச் சொன்னாள், அவர் பிறகு அங்கேயே இருந்துவிட்டார்.

அடுத்த கிருத்திகைக்கு ஒரு பெண் வந்தாள். அதற்கடுத்த கிருத்திகைக்கு நாச்சிமுத்துவே அடிவாரத்து வளைவில் நின்று ஏறுகிறவர்களையும் இறங்குகிறவர்களையும் எண்ணினார், ஒரு ஆள் கூடத்தான் இருந்தது. ஸ்டேஷனுக்குப் போய்ச் சொன்னோம். ஆள் காணவில்லை என்றால் புகார் எழுதிக்கொள்ளலாம், ஆள் கூடிப்போய்விட்டது என்பதற்கு எதில் எழுதுவது என்று ஏட்டையா எங்களையே கேட்டார். ஊர் கூடியது. சுற்றைப் பற்றியும், உச்சி எண் இரண்டுமுறை வருவதைப் பற்றியும் நான் எடுத்துச் சொன்னேன், தண்ணீர்க் குழாயில் எங்கே ஒழுகுகிறது என்று சொன்னால் எப்படிக் கேட்பார்களோ அப்படிக் கேட்டுக்கொண்டார்கள்.

"அதை மாத்திட்டா ஆளு வர்றது நின்னுருமுங்களா?" என்று நாச்சிமுத்து கேட்டார்.

"நின்னுருமுங்க."

மயிலாத்தாள்தான் எழுந்தாள். "எதுக்கு மாத்தோணும்? பசங்க பூரா திருப்பூருக்கும் பெங்களூருக்கும் போயாச்சு. ஆளில்லாத கட்டில் வூட்டுக்கு வூடு கெடக்குது. மாசத்துக்கு ஒரு ஆளு வந்தா ஊருக்கு என்ன பாரமாயிரும்? என்ற வூட்டுல இருக்கிற மனுசன் குடிக்கறதில்ல, பேசறதில்ல, சொன்னா தேங்கா உரிச்சுக் குடுக்கறாரு. கட்டுனவன் ஒரு நாளு உரிச்சிருப்பானா?"

எல்லாரும் சிரித்தார்கள், சிரித்ததோடு அது தீர்மானமாகிவிட்டது. கூடவந்தவங்க என்று அவர்களுக்கு ஒரு பெயரும் விழுந்துவிட்டது. மாசாமாசம் எந்த வீட்டின் முறை என்று பேசி வைத்துக்கொண்டார்கள், முறை வந்த வீட்டுக்காரர்கள் கிருத்திகையன்று பாயசம் வைத்துவிட்டு அடிவாரத்தில் வந்து நின்றார்கள், வந்தவர் ஆணோ பெண்ணோ கிழமோ இளசோ அவரை ஆரத்தி சுற்றி அழைத்துப் போனார்கள். மகனை மஸ்கட்டுக்கு வேலைக்கு அனுப்பியிருந்த தையல்காரர் முத்துக்கருப்பன் வீட்டுக்குப் போன பையன், அந்த மகனின் நாற்காலியில் உட்கார்ந்து டிவியில் கிரிக்கெட் பார்த்தான், அவுட்டானாலும் கை தட்டினான், தையல்காரர் அவனுக்கு அளவெடுக்காமலேயே மகனின் அளவில் சட்டை தைத்துப் போட்டார், அது அவனுக்குத் தோளில் தொங்கியது, யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் அவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஊரை விட்டு மட்டும் அவர்களால் போக முடியவில்லை. ஒருமுறை பல்லடத்துக் கல்யாணத்துக்கு ஒருவரை பஸ்ஸில் கூட்டிப் போனார்கள், ஆற்றுப் பாலம் தாண்டும்போது சீட்டு காலியாக இருந்தது, பதறியடித்துத் திரும்பி வந்து பார்த்தால் அவர் அடிவாரத்துச் செருப்புக் கடை வாசலில் உட்கார்ந்து மயிலாத்தாளுக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

நான் முறை எதுவும் கேட்கவில்லை. ஒவ்வொரு கிருத்திகைக்கும் அடிவாரத்து ஸ்விட்சுப் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, இறங்கி வருகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். யாருக்காகப் பார்க்கிறேன் என்பது ஊருக்கே தெரியும். யாரும் வாய் திறந்து சொல்லாமல் இருந்தது அவர்கள் எனக்குச் செய்த மரியாதை.

ஐப்பசிக் கிருத்திகைக்கு அவர் வந்தார். ஐம்பது வயசுக்கு மேற்பட்ட பெண், குள்ளமான உருவம், முன்பல் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி. துளசிமணி நெட்டையாக இருப்பாள், அவள் பேசினால் மூன்றாவது வீட்டில் கேட்கும். இருந்தாலும் மயிலாத்தாள் தெருவுக்கே கேட்கிற மாதிரி, "அண்ணா, அண்ணி வந்துட்டாங்க!" என்று கத்தினாள்.

"இவங்க அவ இல்ல, ஆத்தா."

"மூக்கு அப்பிடியே இருக்குதுங்க" என்றார் நாச்சிமுத்து.

"மூக்கை வெச்சு என்ன பண்றது?"

"மொதல்ல கூட்டிட்டுப் போயி ஒரு வாய்ச் சோறு போடுங்க. மத்த மொகமெல்லாம் அப்புறம் தானா வரும்."

முகம் வரவில்லை. நானும் அவரைத் துளசிமணி என்று ஒரு நாளும் கூப்பிடவில்லை. எங்கள் பக்கத்தில் பெண்களை மரியாதையாகக் கூப்பிடுகிறபடி அம்மணி என்று கூப்பிட்டேன், அவர் என்னை ஏனுங்க என்று கூப்பிட்டார். அவருக்கு உள்ளறையைக் கொடுத்துவிட்டு நான் பட்டறையில் படுத்துக்கொண்டேன். ஆனால் வீட்டுக்குள் இன்னொருத்தர் நடமாடுகிற சத்தம் இருக்கிறதே, குடத்தைக் கீழே வைக்கிற சத்தம், வளையல் கதவில் படுகிற சத்தம், யாரோ தனக்குத் தானே இருமிக்கொள்கிற சத்தம், அது இத்தனை காலமும் இல்லாமல் இருந்திருக்கிறது என்பது அது வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நான் காயில் சுற்றும்போது அவர் எதிரில் உட்கார்ந்து கம்பிச் சுருளைப் பிடித்துக்கொள்வார். யாராவது வாசலில் கூப்பிட்டு எனக்கு எண்ணிக்கை விட்டுப்போனால், விட்ட இடத்திலிருந்து அடுத்த எண்ணை எடுத்துக் கொடுப்பார். சாப்பிட்டு முடித்ததும் வெற்றிலை மடித்து என் இடது பக்கத்தில் வைப்பார். எனக்கு வெற்றிலைப் பழக்கமே கிடையாது. அவர் வைத்தார் என்பதற்காக, வலது கையை உடம்புக்குக் குறுக்கே நீட்டி எடுத்து, தினமும் போட்டுக்கொண்டேன்.

"மருதாசலண்ணன் இப்பெல்லாம் சட்டைக்கு இஸ்திரி போடறாருங்கோ" என்று மயிலாத்தாள் ஊரெல்லாம் சொன்னாள். "வாயி வேற செவந்து கெடக்குது."

தை மாசத்தில் ஒரு மத்தியானம், பழைய மொபெட்டில் ஒருவர் வந்து இறங்கினார். ஆள் பெரிய உருவம், குரல் சின்னது. பெயர் செங்கோடன், ஊர் நத்தமேடு, இங்கிருந்து அரை நாள் தூரம் என்றார். ஐப்பசிக் கிருத்திகைக்குத் தங்கள் ஊர் மலைக்கு மனைவியோடு ஏறியதாகவும், இறங்கும்போது பக்கத்தில் அவள் இல்லை என்றும், அவள் அடிவாரத்தில் கழற்றிப் போட்டிருந்த செருப்பு மட்டும் கிடந்தது என்றும் சொன்னார். அந்தச் செருப்பை ஒரு மஞ்சள் பையில் போட்டு வண்டியில் மாட்டியிருந்தார். மலைக்கோயில் இருக்கிற ஊர் ஒவ்வொன்றாகத் தேடி வந்தவரை மயிலாத்தாள்தான், இதனால் என்ன ஆகும் என்று தெரியாமல், என் வீட்டுக்கு அனுப்பி வைத்திருந்தாள்.

அம்மணி வெளியே வந்து, விருந்தாளிக்குத் தண்ணீர் கொடுக்கிற மாதிரி அவருக்குத் தண்ணீர் கொடுத்தார். அவர் எழுந்து நின்றுவிட்டார். "நல்லம்மா" என்றார். எந்தப் பெயருக்கும் திரும்புகிற அம்மணி அந்தப் பெயருக்குத் திரும்பவில்லை. உள்ளே போய் வெற்றிலைத் தட்டைக் கொண்டுவந்து, ஒன்று மடித்து அவருடைய இடது பக்கத்தில் வைத்தார். செங்கோடன் இடது கையை நீட்டி அதை எடுத்தார். அவர் இடதுகைக்காரர். எடுத்ததை வாயில் போடாமல் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

நான் ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவர் அன்றைக்கே மனைவியை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு போனார், ஆற்றுப் பாலத்தில் வண்டி லேசாகிவிட்டது என்று திரும்பி வந்தார், அம்மணி செருப்புக் கடை வாசலில் உட்கார்ந்திருந்தார். இது இப்படித்தானுங்க, நாங்கள் பழகிவிட்டோம், நீங்களும் அப்பப்ப வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். அவரும் கும்பிட்டுவிட்டுக் கிளம்பத்தான் பார்த்தார். வண்டியை உதைக்கும் முன்னால் திரும்பி, "நல்லா சாப்பிடறாளுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"ஒரு நிமிசம் உட்காருங்க" என்றேன். "உங்க ஊர் மலைக்கும் லைட்டுப் போட்டிருக்குதுங்களா?"

"இருக்குதுங்க, இருபத்து நாலு கம்பம். ஒண்ணு மாத்தி ஒண்ணு எரிஞ்சு மேல போகும்."

"எறங்கறப்ப எப்பிடிங்க?"

அவர் யோசித்தார். "உச்சில அணைஞ்சதும் அதுக்கடுத்த கம்பம் எரியாதுங்க. அதைத் தாண்டித்தான் எரியும். நடுவுல கொஞ்சம் இருட்டா இருக்கும். அந்த எடத்துலதானுங்க மாசாமாசம் ஒரு ஆளு..." என்று சொல்லி நிறுத்தினார். அவர்கள் ஊரில் எல்லாரும் சேலை முந்தானையை ஒருவருக்கொருவர் முடிச்சுப் போட்டுக்கொண்டு இறங்கிப் பார்த்தார்களாம், முடிச்சு முடிச்சாகவே இருந்ததாம், நடுவில் ஒரு ஆள் மட்டும் இல்லையாம். மலை எடுத்துக்கொண்டது என்று விட்டுவிட்டார்களாம்.

அந்த ஊரில் யாரோ ஒருவர், என்னைப் போலப் புத்தகம் பார்த்துக் கற்றவராக இருக்க வேண்டும், நான் செய்த மாதிரிக் கோணல் வந்துவிடுமோ என்று பயந்து எதிர்ப்பக்கமாகக் கோணியிருக்கிறார். நான் உச்சியை இரண்டுமுறை எண்ணினேன், அவர் இருபத்து மூன்றை எண்ணாமல் விட்டார். எங்கள் ஊரில் கூடியதெல்லாம் அவர்கள் ஊரில் குறைந்தது. துளசிமணி இந்தக் கணக்கில் எந்தப் பக்கத்திலும் இல்லை. எத்தனை கிருத்திகை உட்கார்ந்தாலும் அவள் அந்தப் படியில் வரப்போவதில்லை என்பது எனக்கு அந்த மத்தியானம் தெரிந்துபோயிற்று.

மறுநாள் எங்கள் சிப்பைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு செங்கோடனின் மொபெட்டில் நத்தமேட்டுக்குப் போனேன். எங்களுடையதை அங்கே செருகினேன், அங்கிருந்ததை எடுத்துவந்து இங்கே செருகினேன். அதன்பிறகுதான் ஊரைக் கூட்டி, இனி இங்கே குறைகிறவர் அங்கே கூடுவார் என்று சொன்னேன்.

"ஊரைக் காலி பண்ணப் பாக்கறீங்களா?" என்றார் நாச்சிமுத்து.

"அவங்க ஊரு ஆளுங்க. அவங்க தேடறாங்க."

"தேடறவங்க வரட்டும். நாங்க வேண்டாம்னா சொல்றோம்?" என்று மயிலாத்தாள் கத்தினாள். "உங்களுக்கு மனசு உறுத்துச்சுன்னா உங்க வூட்டு ஆளைக் கூட்டிட்டுப் போங்க. என்ற வூட்டுக் கதவைத் தட்டாதீங்க, சொல்லிப்போட்டேன்."

"தட்டமாட்டேன். நான் மட்டும் போறேன்" என்றேன்.

மாசிக் கிருத்திகையன்று கொம்பக்கரட்டுக்கு ஏறியவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். இருட்டு யாரைப் பிடிக்கும் என்று தெரியாததால் ஊர் முழுக்க அடிவாரத்தில் நின்று பார்த்தது. வெளிச்சம் முன்னால் போக நாங்கள் பின்னால் ஏறினோம். அம்மணிக்கு முட்டி வலித்தது. ஒவ்வொரு கம்பத்தையும் தொட்டு, வாய்க்குள் எண்ணிக்கொண்டே வந்தார். "எதுக்குங்க இன்னைக்கு ஒருத்தரும் வல்ல?" என்றார். "எல்லாருக்கும் சோலி இருக்குது, அம்மணி" என்றேன். "நமக்குத்தான் சோலி இல்லீங்களா?" என்று சிரித்தார்.

மேலேயே தங்குகிற பூசாரி திருநீறு கொடுத்தார். உச்சிக் கம்பம் ஒருமுறைதான் எரிந்தது. அது அணைந்ததும் நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அதுவரைக்கும் நான் அவர் கையைத் தொட்டதில்லை. எதிரில் படி தெரியவில்லை, தூரத்தில் கீழே இருபத்து இரண்டாம் கம்பம் மட்டும் எரிந்தது. ஒரு படி, இன்னொரு படி என்று கால் துழாவி இறங்கினோம். அவர் கை சூடாக, வேலை செய்து காய்த்துப்போன கையாக இருந்தது. இவரை விட்டுவிட்டு என்னை எடுத்துக்கொண்டாலும் நல்லதுதான் என்று நினைத்தேன், உடனே அது செங்கோடனுக்கு எந்த விதத்திலும் உதவாது என்றும் நினைத்தேன். பிறகு முதல்முறையாக அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

"நல்லம்மா."

"என்னங்க?" என்றார். வேறு யாருக்கோ பதில் சொல்கிற குரல் அது, வீட்டுக்குள்ளிருந்து வாசலைப் பார்த்துச் சொல்கிற குரல். அடுத்த படியில் என் கை, காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது.

நான் ஒருத்தனாக இறங்கி வந்ததை ஊர் பார்த்தது. மயிலாத்தாள் என் செருப்பை எடுத்துக் காலடியில் வைத்தாள், டோக்கன் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து கதவைத் திறப்பதற்குள் செங்கோடனிடமிருந்து போன் வந்தது. பின்னால் ஒரே கூச்சல்.

"வந்துட்டாளுங்க! எறங்கி வந்துட்டாளுங்க! இத்தன நேரம் எங்கீங்க போனீங்கன்னு என்னையக் கேக்கறாளுங்க!" என்று அந்தப் பெரிய மனிதர் சின்னக் குரலில் அழுதார்.

நான் யார் வீட்டுக் கதவையும் தட்டவில்லை. பங்குனியில் தையல்காரர் முத்துக்கருப்பன்தான் என் கதவைத் தட்டினார். பையனின் தோளில் தொங்கிய சட்டையைப் பிரித்து அளவாகத் தைத்துப் போட்டிருந்தார். "இவனுக்கும் ஒரு அப்பன் எங்கியோ உட்கார்ந்திருப்பானல்லங்க" என்றார். இருட்டில் கூட நடக்கத் தெரிந்தவன் என்று எல்லாரும் என்னையே கூப்பிட்டார்கள், ஒவ்வொரு கிருத்திகைக்கும் ஒருவரைக் கைப்பிடித்துக் கூட்டிப்போய் வெறுங்கையோடு இறங்கினேன். மயிலாத்தாள் கடைசியில் வந்தாள். அந்த மனிதரிடம் ஒரு மூட்டைத் தேங்காய் கொடுத்து உரிக்கச் சொன்னாள், எல்லாவற்றையும் உரித்து முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, "கூட்டிட்டுப் போங்கண்ணா" என்றாள்.

எல்லாரும் தங்கள் ஊருக்குத் திரும்பிய பிறகு இரண்டு மலைக்குமான சுற்றைப் புதிதாக எழுதினேன். இருபத்து நாலு வரை ஏறு, இருபத்து மூன்றிலிருந்து இறங்கு. எழுதிப் பார்த்தால் ஒரே ஒரு எண்தான் வித்தியாசம். கொம்பனூரில் செருகிவிட்டு, நத்தமேட்டில் செருகுவதற்காக பஸ் ஏறிப் போனேன். வேலை முடிந்ததும் செங்கோடன் விடாமல் வீட்டுக்கு அழைத்துப்போனார்.

வாசலில் நல்லம்மா மாவு சலித்துக்கொண்டிருந்தார். எழுந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, முன்பல் இடைவெளி தெரியச் சிரித்தார். "வாங்க வாங்க, லைட்டு ரிப்பேருக்கு வந்தவருங்களா? இவரு சொன்னாரு" என்றார். தண்ணீர் கொடுத்தார். எந்த ஊர் என்று கேட்டார், கொம்பனூர் என்றேன், அங்கேயும் கரட்டு மேல் கோயில் இருக்கிறதாமே, ஒரு நாளைக்கு வரவேண்டும், இந்த முட்டிதான் விடமாட்டேன் என்கிறது என்றார். செங்கோடன் தலையைக் குனிந்துகொண்டு தரையையே பார்த்தார்.

"அத்தன தூரம் தனியாவா வந்தீங்க? வூட்டுல கூட்டிட்டு வந்திருக்கலாமல்லங்க?"

"தனியாத்தானுங்க வந்தேன், அம்மணி" என்றேன்.

எங்கள் பக்கத்தில் எல்லாப் பெண்களையும் அப்படித்தான் கூப்பிடுவோம். அதனால் அவர் வித்தியாசமாக எதுவும் நினைக்காமல், இலை போடுவதற்காக உள்ளே போனார்.